கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட்: வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

திருகோணமலையில் வெயில் தணிந்த பின் உட்துறைமுக வீதியிலும் டச்பே கடற்கரையிலும் நடக்க வருகிறவர்களில் பலருடைய மணிக்கட்டில் இப்போது ஒரு கறுப்புப் பட்டியைக் காண்கிறோம். வைத்தியர் சொன்னதால் நடக்கத் தொடங்கியவர்கள், ஓய்வூதியம் பெற்று வீட்டில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய கருவியைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்குக் கொடுக்கும் காசுக்குப் பயன் உண்டா? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. ஆனால் இந்தக் கருவி எதை உண்மையாகவே அளக்கிறது, எதைக் கணக்குப் போட்டு ஊகிக்கிறது, எதை அதனால் சொல்லவே முடியாது என்று தெரிந்துகொண்டால், தமக்கு அது தேவையா என்பதை ஒவ்வொருவரும் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். எந்த மாதிரி சிறந்தது என்ற பட்டியலை இங்கே தரவில்லை. மாதிரிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, அவற்றின் உள்ளே நடக்கும் வேலை பெரிதாக மாறுவதில்லை.

ஃபிட்னஸ் பேண்ட், ஸ்மார்ட் வோட்ச் என்று கடைகளில் இரு பெயர்களில் விற்றாலும், உடலை அளக்கும் வேலையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டாவதில் திரை பெரிது, செய்தி வாசிக்கலாம், அழைப்புக்குப் பதில் சொல்லலாம், விலையும் அதற்கேற்ப ஏறும். இக்கட்டுரையில் இரண்டையும் கைப்பட்டி என்றே குறிப்பிடுகிறேன்.

கைப்பட்டியின் உள்ளே இருக்கும் முதல் உணரி, அசைவின் வேகமாற்றத்தை மூன்று திசைகளில் அளக்கும் மிகச் சிறிய சில்லு. நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னுமாக ஓர் ஒழுங்கில் வீசப்படுகிறது. பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் உடலில் ஒரு சிறு அதிர்வும் எழுகிறது. இந்த ஒழுங்கை அடையாளம் கண்டு எண்ணுவதே அடிக்கணக்கு. ஆகவே கைப்பட்டி காலை எண்ணுவதில்லை, மணிக்கட்டின் அசைவைப் பார்த்துக் கால் நடந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிறது. சாதாரண நடையில் இந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், மலிவான கருவிகளிலும்கூட. எங்கே தவறும் என்பதையும் இதிலிருந்தே ஊகித்துவிடலாம். இரு கைகளிலும் மரக்கறிப் பை சுமந்து சந்தையிலிருந்து வருகிறவரின் கை வீசப்படாததால் அவருடைய அடிகள் குறைவாகப் பதியும். ஈருருளி மிதித்து வேலைக்குப் போகிறவரின் கை கைப்பிடியில் அசையாதிருப்பதால் அவருடைய உழைப்பில் பெரும்பகுதி அடிக்கணக்கில் வராமலே போகலாம். மறுபுறம், அடுக்களையில் தேங்காய் திருவும்போதும் உடுப்பு அலசும்போதும் கையின் ஒழுங்கான அசைவு சிலவேளை அடிகளாக எண்ணப்படும்.

இதற்கு நம் கடற்கரையிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. கரைவலை இழுப்பவர்கள் கயிற்றை இரு கைகளாலும் இறுகப் பற்றி, உடலின் முழுப் பாரத்தையும் அதில் சாய்த்து, மணலில் குதிகால் புதையப் புதையப் பின்னோக்கிச் சிற்றடி வைக்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, முதுகு வியர்த்து ஒழுகுகிறது. அந்தக் கையில் ஒரு கைப்பட்டி இருந்தால், வீசப்படாத கையையும் மிகக் குறுகிய அடிகளையும் கண்டு, அந்த மனிதர் ஏறத்தாழ நின்றுகொண்டிருக்கிறார் என்றே அது பதிவுசெய்யக்கூடும். உடல் உழைப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அடிக்கணக்கு என்னும் அளவை பெரிதாகப் பொருந்தாது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். நாற்காலியில் இருந்து வேலை செய்யும் ஒருவருடைய நாளை அளப்பதற்கே அது மிகவும் ஏற்றது.

ஒரு கருவி அடியையும் தூரத்தையும் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். வாகனங்கள் குறைந்த காலை வேளையில், ஓரமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உங்கள் இயல்பான வேகத்தில் நடந்து அடிகளை மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் அடியின் நீளம் 70 சென்ரிமீற்றராக உள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 566 அடிகள் வரவேண்டும். நீங்கள் எண்ணியதற்கும் கைப்பட்டி காட்டுவதற்கும் இருபது, முப்பது அடி வித்தியாசம் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்தக் கருவியின் கணக்கை நம்ப வேண்டாம். தூரத்தில் மட்டும் பிழை வந்தால், பெரும்பாலும் செயலியில் நீங்கள் பதிந்த உயரம் தவறாக இருக்கும், அல்லது உங்கள் அடியின் நீளம் கருவி எடுத்துக்கொண்ட சராசரியிலிருந்து வேறுபடும். செய்மதி மூலம் இடமறியும் ஜி.பி.எஸ் வசதி கருவிக்குள்ளேயே இருந்தால் திறந்தவெளியில் தூரம் இன்னும் சரியாக வரும். மலிவான பல கைப்பட்டிகளில் அது இருப்பதில்லை. அவை உங்கள் கைப்பேசியின் ஜி.பி.எஸ்ஸைக் கடன் வாங்குவதால், கைப்பேசியையும் எடுத்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கும்.

இரண்டாவது உணரி இதயத் துடிப்புக்கானது. கைப்பட்டியைக் கழற்றி இருட்டில் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி மினுக்குவதைக் காணலாம். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடுவதால், தோலிலிருந்து திரும்பிவரும் ஒளி அந்தக் கணத்தில் சற்றுக் குறைகிறது. அருகில் உள்ள ஒளியுணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று காட்டுகிறது. அமைதியாக இருக்கும்போதும் சீரான வேகத்தில் நடக்கும்போதும் இது நன்றாகவே வேலைசெய்யும். பட்டி தளர்வாக இருந்தாலும், மணிக்கட்டு எலும்பின் மேலேயே இருந்தாலும், உணரி இருக்கும் இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும், கை திடீர் திடீரென அசைந்தாலும் எண் தடுமாறும். எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கமாகக் கட்டினாலே பல பிழைகள் மறைந்துவிடும்.

ஓடுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. ஓடும்போது நிமிடத்துக்கு 160 அல்லது 170 அடிகள் விழுவது இயல்பு. ஒவ்வொரு அடிக்கும் கை குலுங்குவதால், கருவி சிலவேளை இதயத் துடிப்பை விட்டுவிட்டு இந்தக் குலுக்கத்தையே துடிப்பாக எண்ணத் தொடங்கிவிடும். மூச்சு இலகுவாக இருக்கும்போது திரையில் 170 என்று கண்டால் பயப்படாமல் நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடிகளுக்கு நாடியை எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். கருவி சரியா பிழையா என்பது உடனே தெரிந்துவிடும்.

துடிப்பின் எண் எதற்குப் பயன்படும்? உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பில், அல்லது 75 முதல் 150 நிமிடம்வரை கடுமையான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. மிதமானது எது என்பதைத் துடிப்பு ஓரளவு காட்டித் தரும். 220 இலிருந்து வயதைக் கழித்தால் வருவதை உச்சத் துடிப்பாகக் கொண்டு, அதில் 64 முதல் 76 வீதம்வரை மிதமானது எனக் கணிப்பது வழக்கம். ஐம்பது வயதான ஒருவருக்கு உச்சம் 170, மிதமான எல்லை ஏறத்தாழ 109 முதல் 129. இந்தச் சூத்திரம் சராசரி மனிதருக்கானது. ஒருவருடைய உண்மையான உச்சம் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மேலோ கீழோ இருப்பது சாதாரணம். காசில்லாத அளவுகோல் ஒன்றும் உண்டு: நடக்கும்போது கூட வருகிறவருடன் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

இரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ அட்டெனோலோல், பிசோபிரோலோல் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டும். இம்மருந்துகள் துடிப்பையே குறைத்து வைப்பதால், எவ்வளவு விரைவாக நடந்தாலும் கைப்பட்டி சொல்லும் எல்லையை உங்கள் இதயம் எட்டாமல் இருக்கலாம். அதை எட்டியே தீர வேண்டும் என்று உடலை வருத்துவது ஆபத்து. உங்களுக்கான வேகத்தைக் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதேபோல, கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் அதே தூரத்தை அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு கூடுதலாக இருக்கும், ஏனெனில் உடலைக் குளிர்விக்கவும் இதயம் உழைக்க வேண்டியிருக்கிறது. கைப்பட்டி தரும் தகவல்களில் நான் மிகவும் மதிப்பது இந்த வகையைத்தான். மனம் சொல்லாத களைப்பை அந்த எண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. காலையில் படுக்கையில் இருக்கும்போது உள்ள ஓய்வுத் துடிப்பை மாதக்கணக்கில் பார்த்துவந்தால், ஒழுங்காக நடப்பவர்களுக்கு அது மெல்ல இறங்குவதையும் காய்ச்சல் வரும் நாட்களில் ஏறுவதையும் காணலாம்.

இனி ஊகங்களுக்கு வருவோம். எரித்த கலோரி என்று திரையில் வரும் எண்ணை எவரும் அளப்பதில்லை. வயது, நிறை, உயரம், துடிப்பு, அசைவு ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு அது கணிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் கையில் கட்டும் ஏழு கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்தபோது, ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 வீதப் பிழைக்குள் காட்டின. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் தவறியது, மிக மோசமானது 93 வீதம் தவறியது. கருவிகள் அதன் பின் முன்னேறியிருக்கின்றன என்றாலும், கலோரி இன்றும் ஊகமே. நிறை குறைக்க விரும்புகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். 400 கலோரி எரித்ததாகத் திரை சொன்னதை நம்பி, திரும்பும் வழியில் ஒரு கொத்து ரொட்டிக்கு உரிமை கிடைத்துவிட்டதாக நினைத்தால் நிறை ஏறத்தான் செய்யும். கலோரிப் பக்கத்தைத் திறக்காமலே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

உறக்கத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், மொத்தம் எத்தனை மணித்தியாலம் உறங்கினீர்கள் என்பவற்றைக் கைப்பட்டி ஓரளவு சரியாகச் சொல்லும். அசையாமல் விழித்துக் கிடப்பதை உறக்கம் என்று எண்ணிவிடுவது அதன் பொதுவான குறை. ஆழ்ந்த உறக்கம், கனவுறக்கம் என அது வரையும் வண்ணப் படங்கள் இன்னும் நிச்சயமற்றவை. உறக்க நிலைகளைச் சரியாகப் பிரித்தறிய மூளையின் மின்னலைகளைப் பதிய வேண்டும், மணிக்கட்டில் அது முடியாது. நன்றாக உறங்கி எழுந்த ஒருவர், திரையில் குறைந்த புள்ளியைப் பார்த்துவிட்டு நாள் முழுவதும் சோர்வாக உணர்வது உண்டு. அப்படிப்பட்ட இயல்புடையவர்கள் இரவில் கைப்பட்டியைக் கழற்றி வைப்பதே மேல்.

அடுத்து வருவது உயிரோடு தொடர்புடையது என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஊசி குத்தாமல் இரத்தச் சீனியை அளக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் கைக்கடிகாரங்களை நம்பவே வேண்டாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2024 பெப்ரவரியில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானாகச் சீனியை அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அது அனுமதி வழங்கியிருக்கவில்லை. நம் குடும்பங்களில் சீனி வருத்தம் எவ்வளவு பரவலானது என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படியான ஒரு பொய் எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுவதோ குறைப்பதோ ஒருவரை மயக்கத்திலும் அதைவிட மோசமான நிலையிலும் கொண்டுபோய் விடும். இரத்த அழுத்தமும் இதே கதைதான். மலிவான கைப்பட்டிகள் பச்சை ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு 120/80 என்று காட்டுகின்றன. ஒளி மூலம் அழுத்தத்தைக் கணிக்கும் விலைகூடிய கைக்கடிகாரங்களிலும், சாம்சங் தயாரிப்பு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புயத்தில் கட்டும் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுமாறு கேட்கிறது. வீட்டில் அழுத்தம் பார்க்க வேண்டியிருந்தால் புயத்தில் கட்டும் கருவியையே வாங்குங்கள். அந்தக் காசு வீண்போகாது.

இரத்த ஒட்சிசன் அளவைக் காட்டும் சிவப்பு ஒளியைக் குறித்து நம்மைப் போன்ற கருநிறத் தோலினர் அறிய வேண்டியது உண்டு. வைத்தியசாலைகளில் விரலில் மாட்டும் கருவிகளே கருந்தோலினரிடம் ஒட்சிசனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதாக 2020 டிசெம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று சுட்டியது. மறைந்திருந்த ஒட்சிசன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடப்பட்டிருந்தது. விரல் கருவிக்கே இந்த நிலை என்றால், மணிக்கட்டில் எடுக்கும் அளவை வைத்து மூச்சுத்திணறலை அலட்சியப்படுத்துவது எவ்வளவு பிழை என்று எண்ணிப் பாருங்கள்.

நேர்மையாகச் சொன்னால், கைப்பட்டி இதய நோயைக் கண்டுபிடிக்க உதவிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஆப்பிள் கைக்கடிகாரத்தை வைத்து நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒழுங்கற்ற நாடி என்ற அறிவித்தல் அவர்களில் 0.52 வீதத்தினருக்கே வந்தது. அறிவித்தல் வந்து, பின்னர் நெஞ்சில் ஒட்டும் பதிவுக் கருவியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 வீதத்தினருக்கு இதய மேலறைத் துடிப்பின் ஒழுங்கீனம் உறுதியானது. அறிவித்தல் வந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம். அறிவித்தல் வராததை நலத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ள மட்டும் இது இடம் தராது. நெஞ்சு இறுக்கம், இடது கையில் பரவும் வலி, திடீர் வியர்வை ஆகியவை வந்தால் திரை என்ன சொன்னாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். அந்தச் சேவை இலவசமானது.

கைப்பட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அது பல வேளைகளில் ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கைத் தருகிறது. இந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணி ஒன்றோடு பரவிய விற்பனை எண் அது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிடும்போது சுமார் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு வீதம் 41 வீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாகத் தெரியவில்லை. இது அவதானிப்பு மட்டுமே என்பதால், நடந்ததனால்தான் ஆயுள் கூடியது என்று முற்றாக முடிவுகட்ட முடியாது. ஆனாலும் முழங்கால் வலியோடு 4,000 அடி நடந்து திரும்பும் ஓர் அம்மம்மா, இலக்கில் பாதிகூட எட்டவில்லை என்று மனம் சோரத் தேவையே இல்லை. அவர் செய்வது பெரிய காரியம்.

சரி, கையில் ஒன்றைக் கட்டினால் மனிதர் கூடுதலாக நடக்கிறார்களா? முந்தைய பல ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றாக ஆராய்ந்து 2022 இல் வெளிவந்த பெரிய மதிப்பாய்வு, இக்கருவிகளை அணிந்தவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 1,800 அடி கூடுதலாக நடந்ததாகவும், நிறையில் சுமார் ஒரு கிலோ குறைந்ததாகவும் கூறியது. அடியில் நல்ல முன்னேற்றம், நிறையில் சிறிய மாற்றம். நிறையைப் பற்றி இன்னும் கடுமையான பாடம் ஒன்று 2016 இல் வந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடும் பயிற்சியோடும் நிறை குறைக்க முயன்ற 471 இளவயதினரை இரண்டு ஆண்டுகள் கவனித்தபோது, கருவி அணிந்த குழு 3.5 கிலோவும், கருவியின்றி வழமையான ஆலோசனை பெற்ற குழு 5.9 கிலோவும் குறைந்திருந்தன. அதே ஆண்டில் வெளியான சிங்கப்பூர் ஆய்வில், 800 ஊழியர்களில் ஒரு பகுதியினருக்குக் கருவியோடு பணப்பரிசும் கொடுத்தார்கள். பரிசு நின்ற பின் அவர்களிடம் தோன்றிய முன்னேற்றம் நிலைக்கவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நடக்க வேண்டும் என்று ஏற்கெனவே தீர்மானித்தவருக்குக் கைப்பட்டி நல்ல துணை, அந்தத் தீர்மானத்தை அதனால் உண்டாக்கித் தர முடியாது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கேள்வியை ஒரு வசனத்தில் எழுதிப் பாருங்கள். நான் ஒரு நாளில் எவ்வளவு நடக்கிறேன் என்பதுதான் கேள்வி என்றால், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே அதற்கு விடை சொல்லும். பெரும்பாலான கைப்பேசிகளில் அசைவுணரி உண்டு. சாம்சங் ஹெல்த் போன்ற இலவசச் செயலி ஒன்றைத் திறந்தால் அடிகள் எண்ணப்படத் தொடங்கும். ஒரு மாதம் அதைப் பாவித்துப் பாருங்கள். இரவில் எண்ணைப் பார்க்கிறீர்களா, குறைவாக இருந்த நாளில் மீண்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் கைப்பட்டி உங்களுக்குப் பயன்படும். இரண்டாம் வாரமே செயலியைத் திறக்க மறந்திருந்தால், கைப்பட்டியும் அலுமாரிக்குள்தான் போய்ச்சேரும், அதற்குக் கொடுத்த காசும் சேர்ந்தே போகும்.

கைப்பேசியை எப்போதும் உடலோடு வைத்திருக்க முடியாதவர்களுக்குக் கைப்பட்டி உண்மையாகவே தேவைப்படலாம். வீட்டில் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு நாள் முழுவதும் நடமாடும் பெண்கள், வகுப்பறையில் கைப்பேசி எடுக்காத ஆசிரியர்கள், வைத்தியசாலை விடுதியில் ஓடித் திரியும் தாதியர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு ஜி.பி.எஸ் உள்ள கருவி வேகத்தையும் தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். விலைகூடிய கருவி நியாயப்படும் சந்தர்ப்பம் அதுதான். மாரடைப்புக்குப் பின் மெல்ல நடக்கத் தொடங்குகிறவர்கள் வைத்தியருடைய சொல்லைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். தன் உடலைப் பற்றி ஓயாமல் அஞ்சுகிறவர், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் துடிப்பைப் பார்த்துக் கலங்குகிறவர் எனில், அவருக்கு இதைப் பரிசாகக்கூட வாங்கிக் கொடுக்காதீர்கள். அரச வைத்தியசாலைகளில் 35 வயது கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, உயரம், நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. அங்கு ஒருமுறை போய்வருவது எந்தக் கைப்பட்டியும் தராத தகவலைத் தரும்.

நம் ஊரின் கடலும் வெயிலும் இந்த முடிவில் சேர வேண்டியவை. பெட்டியில் 5 ஏ.டி.எம் என்று அச்சிட்டிருந்தால், 50 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமைதியான நீர் அழுத்தத்தைக் கருவி தாங்கும் என்பது பொருள். அதைக் கட்டிக்கொண்டு 50 மீற்றர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐ.பி 68 என்னும் நீர்புகாமைக் குறியோ நன்னீரில் செய்யப்படும் சோதனையைக் குறிப்பது. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் குளித்தபின் கைப்பட்டியை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்காவிட்டால், மின்னேற்றும் உலோகப் புள்ளிகளில் உப்புப் படிந்து நாளடைவில் அரித்துவிடும். கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கப் போனால் கழற்றி வைத்துவிடுங்கள். சூடான நீர் உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்களைத் தளர்த்தும். வியர்வையும் சவர்க்காரமும் பட்டிக்கடியில் தங்கித் தோலில் சொறி உண்டாவதும் இங்கே சாதாரணம். நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி உலரவிட்டால் அது பெரும்பாலும் வராது.

விலையைப் பார்க்கும்போது கடையில் கொடுப்பதை மட்டும் கணக்கிடாதீர்கள். கைப்பட்டிக்குள் இருக்கும் மின்கலத்தை மாற்றுவது கடினம், சில ஆண்டுகளில் அதன் பலம் குறையும். மின்னேற்றும் வயர் அந்த மாதிரிக்கே உரியதாக இருப்பதால், தொலைந்தால் திருகோணமலையில் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் கருவிகளில் முழுத் தகவலையும் பார்க்க மாதச் சந்தா டொலரில் கட்ட வேண்டும். அப்படிப்பட்டவை நமக்கு ஏற்றவையல்ல. நிறுவனமே மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. கைப்பட்டி தயாரித்த ஜோபோன் நிறுவனம் 2017 இல் கலைக்கப்பட்டது. மைக்ரோசொஃப்ட் தன் கைப்பட்டிக்கான இணையச் சேவையை 2019 மே மாதத்தோடு நிறுத்தியது. செயலி நின்றுபோனால் நல்ல கருவியும் வெறும் மணிக்கூடுதான். பெயர் தெரியாத தயாரிப்புகளைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: கடையிலேயே அதைச் சுருட்டிய துணியில் கட்டி, இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். துணிக்கும் அழுத்தம் காட்டினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் எங்கே எப்போது நடக்கிறீர்கள் என்ற தகவலும் செயலி வழியாக வெளியே போகிறது. ஸ்ட்ராவா என்னும் செயலி தன் பாவனையாளர்களின் ஓட்டப் பாதைகளை உலக வரைபடத்தில் வெளியிட்டபோது, பல நாடுகளின் இராணுவ முகாம்களின் அமைப்பு அதில் ஒளிக்கோடாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் செய்தியானது. கடற்படைத் தளமும் சீனன்குடாவில் விமானப்படைத் தளமும் உள்ள ஊரில் இது எட்டாத் தொலைவு விடயமல்ல. அதிகாலையில் தனியாக நடக்கும் பெண்கள் தங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் பாதை எவருக்கும் தெரியாதபடி செயலியின் அமைப்பில் மறைத்துவைக்க வேண்டும். பகிர்வு அனைவருக்கும் என்று இருந்தால் எனக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், உத்தரவாதம் நிறுவனத்தினுடையதா கடையினுடையதா என்று கேட்டு, காலத்தோடு அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டு தர மறுத்தாலோ உத்தரவாதத்தை மதிக்காவிட்டாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம். வீட்டுக்கு வந்ததும் உண்மையான வயது, உயரம், நிறை ஆகியவற்றைப் பதிந்து, அதிகம் பாவிக்காத கையில் கட்டி, குறுஞ்செய்தி அறிவித்தல்களை நிறுத்திவிடுங்கள். முதல் வாரம் எந்த இலக்கும் வைக்காமல் வழமைபோல் இருந்து உங்கள் சராசரி அடிக்கணக்கைக் கண்டுகொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தச் சராசரியோடு 500 அடியைக் கூட்டி அதையே இலக்காக வையுங்கள். அது சிரமமில்லாமல் எட்டப்படும்வரை மேலே உயர்த்த வேண்டாம்.